முப்பது பாகம் கயிறு

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். எதிர்பாராத துன்பம் வரும்போது விசுவாசத்தை எப்படிக் காத்துக்கொள்வது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் கடலூர் முதுநகரில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

எதிர்பாராதது என்றால் என்னவென்று நம் பக்கத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், பலகாரத் தட்டுகூடக் கழுவியிராத வீடுகளுக்குள் கடல் வந்தது. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015-இல் வெள்ளம். வாசலில் நட்சத்திர விளக்கு கட்டும்போதே வானத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது எங்கள் வழக்கமாகிவிட்டது.

ஆனால் ஊருக்கு வரும் துன்பத்தில் ஊரே கூட நிற்கும். உங்கள் வீட்டுக்கு மட்டும் வருகிறதே, அது வேறு. 2012-இல், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சவரம் செய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் கையிலிருந்து ரேசர் நழுவியது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. சபைப் பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடியவர் அவர். என் பெயரைச் சொல்ல வாய் திறப்பார், வேறு ஏதோ சத்தம் வரும். அது தவறு என்று அவருக்கே தெரியும். கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும்.

நான் என்ன செய்தேன்? ஜெபம் செய்தேன். எப்படித் தெரியுமா? வெள்ளிக்கிழமைக்குள் எழுந்து உட்கார வேண்டும் ஆண்டவரே, ஈஸ்டருக்குள் நடக்க வேண்டும் ஆண்டவரே என்று தேதி குறித்துக் கொடுத்தேன். வெள்ளி போயிற்று, ஈஸ்டரும் போயிற்று. அதன் பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. கோயிலுக்குப் போவேன், எல்லோரும் பாடுவார்கள், நான் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவுதான்.

அப்போது எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். கடல் தொழில் செய்தவர், சுனாமியில் படகைப் பறிகொடுத்தவர். அம்மன் கோயிலுக்குப் போகிறவர். சாயங்காலம் வந்து இவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நான் வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். பவுல் போன கப்பல் புயலில் சிக்கிய கதை. இருநூற்று எழுபத்தாறு பேர், பதினான்கு நாள் அலைக்கழிப்பு. ராத்திரியில் விழுதுவிட்டு ஆழம் பார்க்கிறார்கள். இருபது பாகம், அப்புறம் பதினைந்து பாகம் என்று வருகிறது. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டீச்சரம்மா, ஒங்க புஸ்தகத்துலயும் பாகம்தானா?" என்று கேட்டு, இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். "இந்தக் கை நுனிலேருந்து அந்தக் கை நுனி வரைக்கும். இதான் ஒரு பாகம்."

நாலு நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பொழுது எப்போது விடியுமோ என்றிருந்தார்கள் என்று வருகிறது அடுத்த வசனம். "கயிறு எவ்ளோ விட்டாங்களாம்?" என்றார். அது எழுதியிருக்கவில்லை. "அதான் முக்கியம்மா. பத்து பாகம் தண்ணின்னா முப்பது பாகம் கயிறாவது விடணும். காத்து ஏற ஏற இன்னும் விடணும். பயந்தவன் கயித்த இழுத்துப் பிடிப்பான். நங்கூரம் பேந்துடும்."

ஏன் அப்படி என்று கேட்டேன். கயிறு குட்டையாக இருந்தால் படகு நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும், கொக்கி மண்ணை விட்டுவிடும். நீளமாக விட்டால் இழுப்பு தரையோடு போகும், இழுக்க இழுக்கக் கொக்கி மண்ணுக்குள் இறங்கும். "ஆனா ஒண்ணு, கயிறு நீளமானா படகு ரொம்ப அலையும். அலையட்டும். புடி இருக்கும்ல."

நேயர்களே, எபிரெயர் நிருபம் நம்பிக்கையை ஆத்தும நங்கூரம் என்கிறது. ரோமாபுரியில் ஆதி கிறிஸ்தவர்கள் நிலத்தடிக் கல்லறைகளில் நங்கூரத்தைச் செதுக்கி வைத்தார்கள். இதையெல்லாம் வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். அந்தச் சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை, ஈஸ்டர் என்று நான் ஆண்டவருக்குக் குறித்த தேதியெல்லாம் குட்டைக் கயிறு. திரும்பவும் சொல்கிறேன், குட்டைக் கயிறு. அவநம்பிக்கை என்று நான் பயந்தது படகு அலைவதைத்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று சங்கீதக்காரன் கேட்கிறானே, பதின்மூன்றாம் சங்கீதத்தில்? அவனும் அலைகிறான். கேட்பதை மட்டும் கர்த்தரிடமே கேட்கிறான். அன்றிலிருந்து நான் தேதி குறிப்பதை விட்டேன். தேதி இல்லாமல் கேட்டேன். சில ராத்திரி கோபமாகவே கேட்டேன்.

இன்னொன்றும் அந்த அதிகாரத்தில் பாருங்கள். விடிந்ததும் நங்கூரங்களை அறுத்துக் கடலில் விட்டுவிடுகிறார்கள். கப்பல் மோதி உடைந்துபோகிறது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகை மேலும் கப்பல் துண்டுகள் மேலும் கரை சேர்கிறார்கள். ஒரு உயிரும் போகவில்லை, ஆனால் கப்பல் போயிற்று. எங்கள் பழைய வாழ்க்கையும் திரும்ப வரவில்லை. அவர் வலது கை இன்றும் மடங்கியேதான் இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர்களைப் பற்றியும் பேச எழுதி வைத்திருந்தேன். முதல் ஏழு நாள் அவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், எங்கள் பெரியவர் மாதிரி. அதோடு விடுகிறேன். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாவது மாதம், ஒரு ராத்திரி கஞ்சி ஊட்டிக்கொண்டே ஒரு பழைய கீர்த்தனையை முணுமுணுத்தேன். தண்ணீர் என்று கேட்க வராத அந்த வாயிலிருந்து முதல் அடி முழுதாக வந்தது, அதே கனத்த குரலில். கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. பாட்டு முடிந்ததும் தண்ணீரை விரலால்தான் காட்டினார். பேச்சுப் பயிற்சி கொடுத்தவரிடம் சொன்னேன். பேச்சு போன சிலருக்குப் பாட்டு போகாமல் இருப்பது உண்டு, தினமும் கூடச் சேர்ந்து பாடுங்கள் என்றார். பாடுகிறோம். இன்று ராத்திரியும், இங்கிருந்து பஸ் பிடித்துப் போய், கஞ்சி வைத்துவிட்டுப் பாட வேண்டும். வருகிறேன், வணக்கம்.