பந்திக்கு முந்து: அமிர்தசரஸ் போய் வந்த கதை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, எனக்குச் சால்வை போர்த்திய பேரூராட்சித் துணைத்தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே (ஐயா, அங்கே வேர்க்கும், இப்படி ஃபேனுக்குக் கீழே வாருங்கள்), செயலாளர் தம்பிக்கும் மைக் செட் தம்பிக்கும் சேர்த்து எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் அப்புறம் வந்து திட்டுங்கள்.

'அமிர்தசரஸில் பார்க்க வேண்டிய இடங்கள்' என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். மூன்று சொல்கிறேன். பொற்கோயில், ஜாலியன் வாலாபாக், வாகா எல்லை.

1577-இல் சீக்கியர்களின் நான்காம் குருவான ராம்தாஸ் ஒரு குளம் வெட்டினார். அமிர்த சரஸ் என்றால் அமுதக் குளம். நம் பக்கம் ஊருக்கு ஒரு குளம் இருக்கும். அங்கே குளத்துக்கு ஓர் ஊர். அவர் மகன் குரு அர்ஜன் அதன் நடுவில் ஹர்மந்திர் சாஹிபை, அதாவது நாம் சொல்லும் பொற்கோயிலைக் கட்டினார். 1604-இல் அவர்கள் வேதநூலான ஆதி கிரந்தத்தை உள்ளே வைத்தார்கள். நம் மலைக்கோயில்களுக்குப் படி ஏறுகிறோம், அங்கே படி இறங்க வேண்டும். நாலு பக்கமும் வாசல். எந்தத் திசைக்காரனும் வரலாம். தங்கத் தகடு பின்னால் மகாராஜா ரஞ்சித் சிங் போர்த்தியது. தங்கத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை, யூடியூபில் நிறைய இருக்கிறது.

நான் பேச வந்தது சாப்பாடு. 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பார்கள். நான் அதை வேதமாக எடுத்துக்கொண்டவன். லங்கர் என்கிற இலவசப் பொதுச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனதும் என் மனைவியைப் பின்னால் விட்டுவிட்டு, கையில் கொடுத்த எவர்சில்வர் தட்டோடு ஓடி முதல் வரிசையில் உட்கார்ந்தேன். தரையில் நீளமாக விரிப்பு. இந்தப் பக்கம் ஒரு லாரி டிரைவர், அந்தப் பக்கம் விலையுயர்ந்த வாட்ச் கட்டிய ஒருவர். 'பர்ஷாதா ஜி' என்று கூடையோடு ஒரு பெரியவர் வந்தார். ரொட்டிக்கு அங்கே அதுதான் பெயர். நான் ஒரு கையை நீட்டினேன். அவர் போடவில்லை. சரி, காது கேட்கவில்லை போல என்று தட்டை நீட்டினேன். அப்போதும் போடவில்லை, சிரித்துக்கொண்டே நிற்கிறார். லாரிக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துச் சேர்த்து ஏந்தவைத்தார். பொத்தென்று ரொட்டி விழுந்தது. அறுபது வயதில் வாங்கிச் சாப்பிடக் கற்றுக்கொண்டேன் ஐயா!

பருப்பு, காய், கீர் எல்லாம் ஆயிற்று. அரை ரொட்டியை மிச்சம் வைத்து எழுந்தேன். வாட்ச்காரர் தட்டைக் காட்டினார். மறுபடி உட்கார்ந்து தின்றேன். வெளியே பாத்திரம் கழுவும் இடம், கொல்லன் பட்டறை மாதிரி சத்தம். அங்கே அந்த வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு அதே மனிதர் தட்டு தேய்க்கிறார். நானும் நின்றேன். பின்னால் ஒரு குரல்: "வீட்டில் ஒரு டம்ளர் கழுவியதுண்டா? இங்கே வந்து புண்ணியம் தேடுகிறீர்களே!" வேறு யார், வீட்டுக்காரம்மாதான்.

மூன்றாம் குரு அமர்தாஸ் வைத்த வழக்கம்: 'பஹலே பங்கத், பிச்சே சங்கத்.' முதலில் பந்தி, அப்புறம்தான் சந்திப்பு. அக்பர் பாதுஷாவே அந்தக் குரு இருந்த கோயிந்துவால் ஊரில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் குருவைப் பார்த்தார் என்று அவர்கள் மரபில் சொல்கிறார்கள். பங்கத், நம் பந்தி, இரண்டுக்கும் ஒரே வேர்: பங்க்தி, அதாவது வரிசை. ஆக, பந்திக்கு முந்து என்பதை அவர்கள் நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். படைக்குப் பிந்து என்பது மட்டும் அங்கே செல்லாது. ஆறாம் குரு ஹர்கோபிந்த் இரண்டு வாள் கட்டியவர்.

நம்மிடம் என்ன நடக்கிறது? போன மாதம் ஒரு கல்யாணம். மாடியில் ஏசி அறையில் 'விஐபி பந்தி'. கீழே நாற்காலிக்குப் பின்னால் நாற்காலி பிடித்து ஜனங்கள் நிற்கிறார்கள். வரிசை என்று பெயர் வைத்த ஒன்றில் இரண்டு வரிசை எதற்கு? நம் ஊர் விசேஷங்களில் தனிப்பந்தி போடமாட்டோம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். தாள் வாசலில் இருக்கிறது, பேனாவும் கட்டியிருக்கிறேன்.

ஜாலியன் வாலாபாக் கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான். 1919 ஏப்ரல் 13, பஞ்சாபிகளின் வைசாகித் திருநாள் அன்று வெள்ளைக்காரன் படை ஜனங்களைச் சுட்டுத் தள்ளிய இடம். அந்தக் குறுகலான சந்துக்குள் நுழைந்ததும் யாருக்கும் பேச்சு வராது. சுவரில் குண்டு பாய்ந்த தடம், ஜனங்கள் விழுந்த கிணறு. அதற்கு இன்னொரு நாள் தனியாகப் பேச வேண்டும், சாப்பாட்டுக் கதையோடு சேர்க்க மனம் வரவில்லை.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். வாகா எல்லை, மாலையில் கொடி இறக்குவார்கள், போய்ப் பாருங்கள்.

கீழே இலை போட்டாயிற்றாம். மேடையில் இருப்பவர்களுக்குப் பக்கத்து அறையில் தனியாக மேசை போட்டிருப்பதாகச் செயலாளர் தம்பி காதில் சொன்னார். தம்பி, அந்த அறையைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியர் ஐயாவிடம் கொடுங்கள். துணைத்தலைவர் அவர்களே, வாருங்கள், முந்துவோம். வணக்கம்.