பார்வையாளர் மாடமும் பாடசாலைப் பணமும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பாடசாலைகளுக்குப் பெருஞ்செலவில் விளையாட்டரங்கு அமைப்பது பொதுப்பணத்தை வீணாக்குவதே என்னும் அணிக்காகப் பேசுகிறேன். எதிரணித் தலைவர், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து அலன் நகரில் ஓர் உயர்நிலைப் பாடசாலைக்கு 18,000 பேர் அமரும் அரங்கு எழுந்ததைச் சொல்லி, அந்தத் துணிவு யாழ்ப்பாணத்துக்கும் வர வேண்டும் என்றார்.

அந்தக் கதையின் மிகுதியை நான் சொல்கிறேன். ஏறத்தாழ 6 கோடி டொலர் செலவில் 2012 இல் திறந்த அந்த அரங்கு, கொங்கிறீற்றில் வெடிப்புகள் கண்டதால் 2014 இல் மூடப்பட்டது. அவ்வாண்டு அந்தப் பாடசாலையின் பிள்ளைகள் வேறிடங்களிலேயே ஆடினார்கள். ஆயினும் அதைக் கட்டுவதற்கான கடனுக்கு 2009 இல் அவ்வூர் மக்களே வாக்களித்தார்கள். 2022 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்த எங்கள் இலங்கையில், திறைசேரிப் பணத்தில் மாடம் கட்டும்போது எங்களை யார் கேட்கப் போகிறார்கள்?

நடுவர் அவர்களே, 18,000 இருக்கைகளும் பார்ப்பவர்களுக்கு உரியவை. களத்தில் நிற்கும் பிள்ளைக்கு வேண்டியவை சமதரை, மழைநீர் வடிய வாய்க்கால், பயிற்சி தர ஆசிரியர் ஆகியவையே. யாழ். மத்திய கல்லூரியில் படித்த எதிர்வீரசிங்கம் 1958 ஆம் ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு அவ்விழாவின் முதல் தங்கத்தைப் பெற்றுத் தந்தார். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் உருவான அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்தார். கோலும் மெத்தையும் விலை கூடியவைதான். அவற்றுக்குச் செலவழிப்பதை நாங்கள் ஒருபோதும் எதிர்க்கவில்லை, ஏனெனில் அவை பாய்கின்ற பிள்ளையின் கைக்கும் முதுகுக்கும் நேரே போய்ச் சேர்கின்றன.

மாடம் இருந்தால்தான் சனம் சேரும், பாடசாலைக்குப் பெருமை வரும் என்றும் சொன்னார்கள். யாழ். மத்திய கல்லூரியும் யாழ். சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் கிரிக்கெட் போட்டியான, 1904 இல் தொடங்கிய வடக்கின் சமருக்குச் சனம் சேராமலா இருக்கிறது? கொட்டிலின் கீழும் மதிலோரத்திலும் நின்று பார்த்த தலைமுறைகள் அந்தப் போட்டியைக் கைவிடவில்லை. பெரும்போட்டியோ ஆண்டுக்குச் சில நாட்கள்; மாடத்தைப் பராமரிக்கும் செலவோ ஆண்டு முழுவதற்கும் உரியது. பெயர் பெற்ற கல்லூரிகளுக்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. அவர்கள் விரும்பினால் தங்கள் பணத்தில் கட்டிக் கொடுக்கட்டும். தீவகத்திலும் வடமராட்சி கிழக்கிலும் உள்ள சின்னப் பாடசாலைக்கு அரசாங்கத்தை விட்டால் கேட்பதற்கு வேறு ஆளில்லை.

நான் படித்ததும் அப்படியான ஒரு பாடசாலைதான். மாரியில் எங்கள் மைதானத்தில் தண்ணீர் நிற்கும். அது வற்றி முடிவதற்குள் இல்ல மெய்வல்லுநர் போட்டி வந்துவிடும். வலைப்பந்தாட்டம் ஆடும் மாணவிகளுக்கு உடை மாற்ற ஓர் அறை இல்லாததால், வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு ஒருத்தி வெளியே காவல் நிற்பாள். அந்த அறையையும் அந்த வாய்க்காலையும் கல்வி வலயத்தின் ஒவ்வொரு பாடசாலைக்கும் கொடுத்து முடிக்கும்வரை, எந்த மாடத்துக்கும் அத்திவாரம் வெட்டக் கூடாது என்பதே எங்கள் அணியின் வேண்டுகோள்.