பத்து மீட்டர் இடம் போதும்

(வேலூரில் கல்லூரி மாணவிகளும் பெற்றோர்களும் கூடியிருந்த அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

பெண்களும் துப்பாக்கி சுடுதலும் என்ற தலைப்பைப் பார்த்ததுமே முன்வரிசையில் இருக்கிற சில அம்மாக்களின் முகத்தில் கவலை தெரிகிறது. நியாயமான கவலைதான். அதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன். அதற்கு முன்னால் நம் ஊரிலிருந்து தொடங்குகிறேன்.

வள்ளிமலைக்கு நீங்கள் எல்லோருமே போயிருப்பீர்கள். வள்ளி யார்? வேடர் தலைவன் நம்பிராஜன் வளர்த்த மகள். பரண்மேல் நின்று கவண் சுற்றித் தினைப்புனம் காத்தவள். முருகன் வந்த கதையைத்தான் நாம் ஆசையாகச் சொல்கிறோம், கவணை விட்டுவிடுகிறோம். கவண் எறிவது லேசான வேலை இல்லை. தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டே இருக்கும்போது கயிற்றின் ஒரு முனையை எந்த நொடியில் விடுகிறோமோ, அந்த நொடிதான் கல் போகும் திசையைத் தீர்மானிக்கிறது. கண், தோள், மணிக்கட்டு மூன்றும் சேர்ந்து பழகியிருக்க வேண்டும். சங்கப் பாட்டுகளில் தழல், தட்டை, குளிர் என்று பெயர் சொல்லிப் பேசப்படும் கருவிகளெல்லாம் புனம் காத்த பெண்களின் கையில் இருந்தவை.

பழைய வட ஆற்காட்டின் செங்கம் பக்கத்தில் நடுகற்கள் நிறைய உண்டு. அவற்றில் எடுத்தனூர் கல் பேர்போனது. ஆநிரைப் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த வீரனோடு, அவனுக்குத் துணையாக நின்ற நாயையும் செதுக்கி, ‘கோவிவன்’ என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். அந்த நாய்க்குக் கிடைத்த மரியாதையில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இதே மலைச்சாரலில் தலைமுறை தலைமுறையாகப் பன்றியையும் பறவையையும் விரட்டி விளைச்சலைக் காத்த பெண்களில் ஒருத்தி பெயரையாவது யாராவது எழுதி வைத்தார்களா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

சரி, வேட்டைக்கு வருவோம். அமெரிக்காவில் வேட்டை சட்டப்படி நடக்கிறது. உரிமம், பருவம், எத்தனை விலங்கு என்ற வரம்பு எல்லாம் உண்டு. 1937-இல் வந்த சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. 2011-இல் அவர்கள் எடுத்த கணக்கில் வேட்டைக்குப் போகிறவர்கள் 1 கோடியே 37 லட்சம் பேர். அதில் பெண்கள் சுமார் 15 லட்சம். இன்று அங்கே வேட்டை, மீன்பிடி, காட்டுப் பயணம் பற்றிய பத்திரிகைகளில் பெண்கள் எழுதுகிறார்கள், தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்துகிறார்கள். இது தானாக நடந்துவிடவில்லை. விஸ்கான்சின் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பெண்களைத் தடுப்பது எது என்று முதலில் உட்கார்ந்து பேசினார்கள். அவர்கள் கண்ட தடைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நின்றன: கற்றுத்தர ஆள் இல்லை, கற்றுக்கொள்ள இடம் இல்லை. 1991-இல் பெண்களுக்கென்றே பயிலரங்கம் தொடங்கினார்கள். பிறகு அது பல மாநிலங்களுக்குப் பரவியது.

நம் நாட்டில் அந்தக் கதவு மூடியிருக்கிறது. மூடியே இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்துக்குப் பிறகு வேட்டை உரிமம் என்ற பேச்சே இல்லை. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் யானை இறங்குகிறது, ஜவ்வாது மலையடிவாரத்தில் பன்றி நிலக்கடலையைக் கிளறிப் போடுகிறது. அந்த வேதனை எனக்குத் தெரியும். ஆனாலும் அதை வனத்துறைதான் பார்க்க வேண்டும், வீட்டுக்கு ஒரு நாட்டுத் துப்பாக்கி அதற்கு வழி ஆகாது.

வேட்டை போனாலும் வேட்டைக்காரியின் அறிவு போகக் கூடாது. நம் பக்கத்து இருளர் பெண்கள் வரப்பில் உள்ள வளையைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா, காலியா என்று சொல்லிவிடுவார்கள். வாய்ப்பக்கம் மண் புதிதாக இருக்கிறதா, சிலந்தி நூல் கட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்த அறிவை விஷமுறிவு மருந்துக்கான நஞ்சு எடுக்கும் தொழிலாக மாற்றிக் காட்டியது. அதே அறிவு வனக்காவலர் வேலைக்கு வேண்டும், கேமராவுக்கும் வேண்டும். தேனி பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ரதிகா ராமசாமி பறவைகளைப் படமெடுத்து உலக அளவில் பெயர் வாங்கினார். ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வெஸ் முதுமலை யானைக்குட்டியையும் அதை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியையும் படமாக்கி 2023-இல் ஆஸ்கர் மேடை ஏறினார். ஒரு இருளர் பெண்ணோ நரிக்குறவர் பெண்ணோ கேமராவைத் தன் கையில் பிடித்துத் தன் காட்டைத் தானே காட்டும் நாள் வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை. இதுவரை அவர்களைப் பெரும்பாலும் வெளியாட்கள்தான் படம் பிடித்திருக்கிறார்கள்.

இப்போது விளையாட்டுக்கு வருகிறேன். ஓட்டத்தில், எடை தூக்குவதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவு வேறு. துப்பாக்கி சுடுதலில்? டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றில் ஆண்களில் முதலாவதாக வந்தவர் 632.7 புள்ளி. பெண்களில் முதலாவதாக வந்தவர் 632.9. இருவருக்கும் அதே தூரம், அதே 60 குண்டு. 2018-க்கு முன்னால் பெண்களுக்கு 40 குண்டுதான் கொடுத்தார்கள். அவர்களால் 60 முடியாது என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது இந்த விளையாட்டில் பெண்களுக்குத் தனிப் போட்டியே கிடையாது. அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக் ஆண்களோடு நின்று 50 மீட்டர் ரைபிளில் சுட்டார். அதே நாட்டு லானி பாஷமும் அவரும் சமப் புள்ளி. கடைசிச் சுற்றுகளை எண்ணிப் பாஷமுக்குத் தங்கம் கொடுத்தார்கள். தேசிய கீதம் ஒலித்தபோது பாஷம் அந்தப் பெண்ணைக் கைபிடித்து முதல் படிக்கு ஏற்றித் தன்னோடு நிற்க வைத்தார்.

அப்புறம் 1992, பார்சிலோனா. ஸ்கீட் என்பது பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டி. ஆணும் பெண்ணும் கலந்து சுடலாம். சீனாவின் ஜாங் ஷான் என்ற பெண் முதல் 200 தட்டில் ஒன்றைக்கூட விடவில்லை. மொத்தம் 225-க்கு 223 எடுத்துத் தங்கம் வென்றார். வெள்ளியும் வெண்கலமும் வாங்கிய ஆண்கள் மேடையில் அவரைத் தூக்கிக் கொண்டாடினார்கள். அடுத்து என்ன நடந்தது தெரியுமா? 1996 அட்லாண்டாவில் ஸ்கீட்டில் பெண்கள் கலந்துகொள்ள முடியாது என்றாகிவிட்டது. தனிப் போட்டியும் வைக்கவில்லை. வென்ற தங்கத்தைத் தக்கவைத்துக்கொள்ள அவர் வரக்கூட வழியில்லாமல் போனது. பெண்கள் ஸ்கீட் 2000-த்தில்தான் வந்தது. பெண்ணுக்குத் திறமை போதாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். திறமை இருந்தும் கதவைச் சாத்தினார்கள்.

நம் நாட்டுப் பெண்களைப் பற்றி உங்களுக்கே தெரியும். மனு பாக்கர் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார். சுதந்திர இந்தியாவில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வென்றவர் அவருக்கு முன் யாரும் இல்லை. அவனி லேகரா 11 வயதில் விபத்தில் நடக்க முடியாமல் போனவர். டோக்கியோ, பாரிஸ் இரண்டு பாராலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். நம் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக் பார்த்துவிட்டார். பாரிஸில் 630.7 சுட்டும் பத்தாவது இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. எனக்கு மிகவும் பிடித்தவர் உத்தரப் பிரதேசத்து ஜோஹ்ரி கிராமத்தின் சந்திரோ தோமர். பேத்தியைப் பயிற்சிக்கு அழைத்துப்போன இடத்தில் தானும் சுட்டுப் பார்த்தார். அப்போதே அறுபதைத் தாண்டிய பாட்டி. கை நடுங்காமல் இருக்க வீட்டில் தண்ணீர் நிறைந்த ஜக்கை நீட்டிப் பிடித்துப் பழகினாராம். 2021-இல் கொரோனாவில் போய்விட்டார்.

நம் பிள்ளைகளில் பலருக்கு முதல் துப்பாக்கி என்.சி.சி. முகாமில்தான். மணல் மூட்டைக்குப் பின்னால் குப்புறப் படுத்து, பாயிண்ட் டூ டூ ரைபிளைத் தோளில் அணைத்துச் சுடுவார்கள். பெரும்பாலான பிள்ளைகள் முதல் குண்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ட்ரிகரைச் சுண்டிவிடுவார்கள், குண்டு எங்கேயோ போகும். குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு பெண் அப்படிச் செய்யவில்லை. வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண். பாதி மூச்சை விட்டு நிறுத்தினாள். ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் அசைந்தது, மற்ற நான்கு விரலும் அப்படியே இருந்தன. ஐந்து குண்டும் என் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் விழுந்திருந்தன. இதைத்தான் ‘க்ரூப்பிங்’ என்போம். நடுவில் படவில்லை, ஒரு ஓரமாகத்தான் இருந்தது. அதைப் பற்றிக் கவலையே இல்லை, குறிமானியைத் திருகினால் நடுவுக்கு வந்துவிடும். சிதறாமல் ஒரே இடத்தில் சுடுவதுதான் கஷ்டம். முகாம் முடிந்ததும் அந்தப் பெண் ஊருக்குப் போனாள், அதோடு முடிந்தது. அடுத்த குண்டு சுட அவளுக்கு இடமே இல்லை.

ஒரு பள்ளி நிர்வாகத்திடம் போய், பயன்படாமல் கிடக்கும் ஒரு கூடத்தைக் கேட்டேன். “பொம்பளப் பிள்ளைங்களுக்குத் துப்பாக்கி எதுக்கு டீச்சர்?” என்றார்கள். தமிழ்நாடு 1973-லேயே பெண்களைக் காவல்துறையில் சேர்த்துவிட்டது, இன்னும் இந்தக் கேள்வி தீரவில்லை. சத்துவாச்சாரியிலிருந்து சதீஷ் சிவலிங்கம் போய் இரண்டு காமன்வெல்த் தங்கம் கொண்டுவந்தார் என்றால், எடை தூக்கப் பழக அவருக்கு இடம் இருந்தது. துப்பாக்கிக்கு அது இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அம்மாக்களுக்கு. நான் கேட்பது ஏர் ரைபிள். வெடிமருந்து கிடையாது, அழுத்திய காற்றில் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு போகும். குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம்கூட வேண்டாம். ஆனால் அது பொம்மை இல்லை, கண்ணில் பட்டால் கண் போகும். அதனால்தான் சுடுமிடத்தில் விதிகள் கடுமையாக இருக்கின்றன. சுடாத நேரத்தில் குழலுக்குள் நிறமுள்ள ஒரு கயிறு செருகியிருக்க வேண்டும், உள்ளே குண்டு இல்லை என்று தூரத்திலிருந்தே தெரிவதற்கு. குழல் முனை இலக்கைத் தவிர வேறு பக்கம் திரும்பினால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பயிற்சி கிடையாது. ‘நிறுத்து’ என்ற சத்தம் கேட்டால் பாதி அழுத்திய ட்ரிகரையும் விட்டுவிட வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டுப் பக்கம் போகக் கூடாது. கைபேசியை எடுக்காமல் ஒன்றேகால் மணி நேரம் ஒரே புள்ளியைப் பார்த்து நிற்கும் பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் புள்ளி, அதாவது பத்துப் புள்ளிக்கான வட்டம், குறுக்களவில் அரை மில்லிமீட்டர்.

செலவும் உண்டு, மறைக்கவில்லை. போட்டித் தர ரைபிள் சொந்தமாக வாங்கினால் லட்சக்கணக்கில் ஆகும். அதனால் சொந்தமாக வேண்டாம். இரண்டு ரைபிளைப் பொதுவில் வைத்து முறை போட்டுச் சுடலாம். சுடும்போது போடுகிற, கெட்டித் துணியில் தைத்த சட்டைகூட ஆரம்பத்தில் தேவையில்லை. சுடும் தூரம் பத்து மீட்டர்தான்; நிற்கும் இடத்தையும் சேர்த்துப் பதினைந்து மீட்டர் நீளமுள்ள ஒரு பழைய வகுப்பறை, பின்பக்கம் குண்டு தெறிக்காத தடுப்பு, இலக்கின்மேல் நல்ல விளக்கு, பூட்டு போட்ட ஒரு இரும்பு அலமாரி. கல்லூரி முதல்வர் இங்கேயே இருக்கிறார், அவரிடம் இந்தப் பட்டியலை எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

சேர விரும்பும் பிள்ளைகள் பெயர் கொடுக்கும்போது பெற்றோர் கையெழுத்திட்ட கடிதத்தோடு வாருங்கள். கையெழுத்துப் போடும் முன் அம்மாவோ அப்பாவோ ஒரு நாள் நேரில் வந்து பார்க்க வேண்டும், அது கட்டாயம். தட்டையான அடியுள்ள செருப்போ ஷூவோ போதும். ஆரம்பத்தில் கையில் ரைபிள் தர மாட்டேன், நிற்கவும் மூச்சை அடக்கவும் மட்டும்தான் சொல்லித் தருவேன். கேள்வி இருப்பவர்கள் இப்போதே கேளுங்கள், முதலில் அம்மாக்கள்.