பத்து வருடத்துக்கு முந்தைய அளவு ஜாக்கெட்

வணக்கம். சத்தம் சரியாகக் கேட்கிறதா? பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது. அது நிற்கட்டும் என்று காத்திருந்தால் இன்றைக்கு வீடியோ எடுத்த மாதிரிதான்.

போன இரண்டு வீடியோவில் என் முகம் மைதா பூசின மாதிரி இருந்ததைக் கவனித்தீர்களா? நான் ஒன்றும் செய்யவில்லை. புது ஃபோன். அதில் ‘பியூட்டி’ என்று ஒன்று தானாகவே ஆன் ஆகிக் கிடந்திருக்கிறது. மகன் பார்த்துச் சொன்னான், அணைத்துவிட்டேன். இதோ, கண்ணுக்குக் கீழே பை, கன்னத்தில் மங்கு, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. 54 வயது முகம்.

தருமபுரியில் 28 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். உங்களில் பலருக்குத் தெரியும். இந்தத் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு, அளவு ஜாக்கெட். நாற்பத்தைந்து, ஐம்பது வயதுப் பெண்கள் புதுத் துணியோடு ஒரு பழைய ஜாக்கெட்டையும் கொடுப்பார்கள். விரித்துப் பார்த்தால் பத்து வருடத்துக்கு முன்னால் நானே தைத்ததாக இருக்கும். பக்கத்தில் இரண்டு மூன்று தையல் போட்டு, உள்ளே துணி விட்டுத்தான் தைப்போம். உடம்பு போட்டால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளட்டும் என்று. கொண்டுவருகிற ஜாக்கெட்டில் மூன்றும் பிரித்தாகியிருக்கும். “இதுல மொதல்ல இருந்த அளவுலயே தைங்கக்கா, தைக்கு இளைச்சிடுவேன்” என்பார்கள். எத்தனை தை மாதம் போனதோ.

சரி, டேப் வைத்து அளக்கலாம் என்றால் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். மூச்சை விடுங்கள் என்றால் சிரிப்பார்கள், ஆனால் விடமாட்டார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கொடுத்த அளவில் தைத்ததை மூச்சு விட்டுக்கொண்டு எப்படிப் போடுவது? ஊக்கு தெறித்தால் திட்டு எனக்கு.

இதைச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்த நானும் ஒரு பழைய அளவைத்தான் தலையில் சுமந்துகொண்டிருந்தேன். டை. 38 வயதில் ஆரம்பித்தேன். இருபது நாளுக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை மதியம், பழைய நைட்டி, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. வீட்டுக்காரருக்கு நாற்பதிலேயே முழுவெள்ளை. அவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. வங்கியில் எழுந்து நாற்காலி கொடுக்கிறார்கள். எனக்கு வகிட்டில் ஒரு கோடு வெளுத்தால் போதும், “என்னக்கா, உடம்பு சரியில்லையா?”

இரண்டு வருடத்துக்கு முன்னால், அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் போட்டேன். வழக்கமாகப் போடுகிற அதே டைதான். ராத்திரி காதோரம் அரிப்பு. காலையில் நெற்றி வீங்கி, இடது கண் திறக்கவே இல்லை. முகூர்த்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரி பெஞ்சில். கறுப்புச் சாயங்களில் இருக்கும் பாராபினைலின் டைஅமீன் என்ற ரசாயனம்தான் காரணம் என்றார் டாக்டர். இவ்வளவு வருடமாக ஒத்துக்கொண்டதே என்றேன். பல வருடம் ஒத்துக்கொண்டவர்களுக்கும் திடீரென்று ஒரு நாள் அலர்ஜி வரலாமாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முழங்கை மடிப்பில் தடவி 48 மணி நேரம் பார்க்கவேண்டும் என்று பெட்டியில் இருக்கிற தாளிலேயே போட்டிருக்கிறது. யார் படித்தோம்? அப்புறம், கருப்பு மெஹந்தி என்று விற்பதிலும் அதே ரசாயனத்தைக் கலப்பதுண்டு. மருதாணி என்ற பேரை நம்பி வாங்காதீர்கள்.

அன்றைக்கு விட்டதுதான். ஞானம் வந்து விட்டேன் என்று நினைக்காதீர்கள், பயத்தில் விட்டேன். முதல் ஆறு மாதம் கண்ணாடியே பிடிக்கவில்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மேலே வெள்ளை, கீழே கறுப்பு, நடுவில் செம்பட்டை. முக்காடு போடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் தோளோடு வெட்டிவிட்டேன். “என்னக்கா, வேண்டுதலா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், சுலபமாகப் போய்விட்டது.

பஸ் கதை ஒன்று சொல்கிறேன். தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போனேன். அன்றைக்குப் பஸ்ஸில் கூட்டம் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டாம். இலவச டிக்கெட்டைக் கையில் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். ஒரு காலேஜ் பெண் எழுந்து, “ஆயா, நீங்க உக்காருங்க” என்றாள். யார் அந்த ஆயா என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் மூட்டு வலி. உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் நிம்மதியாகத்தான் இருந்தது.

கோயிலிலிருந்து திரும்பும்போது அதியமான் கோட்டத்துக்குள் போனேன். அங்கே அதியமானும் ஔவையாரும் சிலையாக இருக்கிறார்கள். நம் தருமபுரிதானே அந்தக் காலத்துத் தகடூர். ஆயுளைக் கூட்டும் நெல்லிக்கனியை அதியமான் தான் சாப்பிடாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்று சின்ன வயதில் படித்ததுதான். என்னிடம் தைக்கவரும் தமிழ் டீச்சர் ஒருவர் ஒரு விஷயம் சொன்னார். நெல்லிக்கனிப் பாட்டு புறநானூற்றில் 91ஆவது. அதற்கு இரண்டு பாட்டு முன்னால், 89இல், ஔவையை ‘வாணுதல் விறலி’ என்று ஒரு அரசன் கூப்பிடுகிறான். பளிச்சென்ற நெற்றியுள்ள, ஆடிப்பாடும் இளம்பெண். அங்கே கிழவி இல்லை. கிழவி உருவம் பின்னால் வந்த கதை. கல்யாணம் பேசியபோது வேண்டாம் என்று பிள்ளையாரிடம் அழுது, முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்ட ஔவை. ஔவையார்கள் பலர், குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றும் டீச்சர் சொன்னார். நான் குழப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குப் பிடித்தது அந்தக் கேட்டு வாங்கியதுதான். நரைத்த பிறகுதான் ஒருத்தி தனியாக ஊர் ஊராக நடக்கலாம், அரசன் முகத்துக்கு நேராகப் பேசலாம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது எனக்கும் கொஞ்சம் அப்படித்தான். துணிக்கடையில் பேரம் பேசினால் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

எல்லாம் இனிப்பு இல்லை. 42 வயதில் வெள்ளெழுத்து வந்தபோது ஊசியில் நூல் கோக்க முடியாமல், எதிர்வீட்டுப் பையனுக்கு மிட்டாய் கொடுத்துப் பத்து ஊசி கோத்து வாங்கி வைத்துக்கொள்வேன். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப் போவதால் வருவது, கண்ணாடி போட்டால் தீர்ந்தது. அதற்கு நான் இரண்டு வருடம் வெட்கப்பட்டேன், பாருங்கள்.

மாதவிலக்கு 49இல் நின்றது. பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் நிற்கும். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் நின்றது என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரிடம் போங்கள். வயசானால் அப்படித்தான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வயதை ஏற்றுக்கொள்வது வேறு, நோயை மறைப்பது வேறு. நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாகத் தேயும். நமக்குக் களி புதுசா? கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வாரத்தில் நாலு நாள் களி, கீரைக் கடைசல். அரை மணி நேரம் நடை. உடம்பு திடீரென்று கொதித்து வேர்க்கும் அந்த நேரத்தில் மட்டும் யார் என்ன சொன்னாலும் எனக்குப் பொறுமை கிடையாது. அதற்கு மருந்து உண்டு என்று டாக்டர் சொன்னார். எனக்கு இதுவரை மின்விசிறியே போதுமாக இருக்கிறது.

கிரைண்டர் நின்றுவிட்டது. முடிக்கும்போதுதான் நிற்கும்.

போன மாதம் அறுபது தாண்டிய ஒரு அம்மா வந்தார்கள். பேத்தி கல்யாணம். பட்டுத் துணியைக் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கி, பஃப் கை வைக்கலாமா, என் வயதுக்கு ஊர் சிரிக்குமா என்றார்கள். பதினாறு வயதில் ஆசைப்பட்டு, அப்பா விடவில்லையாம். அளவு ஜாக்கெட் எங்கே என்றேன். “கொண்டாரலை கண்ணு, இப்ப இருக்கிற உடம்புக்கு எடுத்துக்கோ” என்று கையை விரித்து நின்றார்கள். மூச்சைப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் வாங்கவருகிறார்கள். இன்னும் ஊக்கு வைக்கவில்லை. கண்ணாடியை எங்கே வைத்தேன்?