டைட்டனில் இறங்கிய வழி

நேயர்களுக்கு வணக்கம்.

மலைப்பாதையில் போகும் பஸ்ஸில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறீர்கள். பிரேக் போட்டால் உடம்பு முன்னால் சாய்கிறது. காது அடைத்தால் உயரம் மாறுகிறது என்று தெரிகிறது. வெளியே பார்க்காமலே எங்கே வந்திருக்கிறோம் என்று ஓரளவு சொல்லிவிடலாம், இல்லையா? யாரும் கண்ணால் பார்க்காத ஓர் இறக்கத்தை விஞ்ஞானிகள் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

2005 ஜனவரி 14. ஹைகன்ஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுக்கலம் சனிக் கோளின் நிலாவான டைட்டனில் விழுந்தது. நுழையும்போது வேகம் விநாடிக்கு 6 கிலோமீட்டர். வெப்பக் கவசத்துக்குள் மூடிக்கிடந்த அந்தக் கட்டத்தில் தடயம் என்றால், டைட்டனின் காற்று எவ்வளவு பலமாகப் பிரேக் பிடித்தது என்று காட்டும் முடுக்கமானிதான். அதை வைத்து மேலிருந்து கீழே கணக்குப் போட வேண்டும்.

சுமார் 155 கிலோமீட்டர் உயரத்தில் பாராசூட் விரிந்து கவசமும் கழன்ற பிறகு காற்றழுத்தமும் வெப்பநிலையும் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு தரையிலிருந்து மேலே கணக்குப் போடலாம். இரண்டு பக்கமிருந்தும் குடைந்துகொண்டு வரும் சுரங்கப்பாதை மாதிரி, இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். சந்திக்கவில்லை என்றால், நுழைந்த வேகத்தையும் கோணத்தையும் கொஞ்சம் திருத்தி மறுபடி கணக்கு.

சரி, உயரம் கிடைத்துவிட்டது. பக்கவாட்டில் காற்று எங்கே தள்ளிக்கொண்டு போனது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ரயில் ஊதிக்கொண்டே நம்மைத் தாண்டிப் போகும்போது சத்தத்தின் சுருதி இறங்குகிறது அல்லவா? ரேடியோ அலையிலும் அப்படித்தான். ஹைகன்ஸின் அலைவரிசை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்துக் காற்றை அளப்பது ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பேர்ட் தலைமையிலான குழுவின் திட்டம். ஹைகன்ஸைச் சுமந்து வந்து, இப்போது மேலே பறந்த காசினி கலம் அதன் அலையை இரண்டு வழிகளில் கேட்க வேண்டும். ஆனால் அனுப்பிய கட்டளைப் பட்டியலில் ஒரு கட்டளை விடுபட்டுப் போனதால், ஒரு வழியின் ரிசீவர் சரியாக இயங்கவில்லை. காற்றை அளக்க நம்பியிருந்தது அந்த வழியைத்தான். எடுத்த படங்களில் பாதியும் அதோடு போயின. 1997இல் கிளம்பி ஏழு வருஷம் பயணம் செய்து வந்த கலம்! அந்தக் குழுவுக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

ஆனால் பூமியில் பெரிய ரேடியோ தொலைநோக்கிகள் அதே அலையைக் கேட்டுக்கொண்டிருந்தன. அமெரிக்காவின் கிரீன் பேங்கில் 100 மீட்டர் கிண்ணம், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் 64 மீட்டர் கிண்ணம். காசினிக்காக அனுப்பிய மெல்லிய சமிக்ஞை 67 நிமிடம் பயணம் செய்து இங்கே வந்து சேர்ந்தது. அதில் பூமி சுழலும் வேகம், சனியைச் சுற்றும் டைட்டனின் வேகம், இன்னும் தெரிந்த வேகங்கள் எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது காற்றின் வேகம்.

என்ன தெரிந்தது? சுமார் 120 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் காற்று. 75 கிலோமீட்டர் பக்கம் அது திடீரென்று அடங்கிப்போகிறது. அந்த அமைதியை யாரும் எதிர்பார்க்கவில்லை. பிறகு மீண்டும் வேகம் பிடித்து, தரை அருகே மென்காற்றாகிவிடுகிறது. தொலைந்ததாக நினைத்த அளவீடு பூமியிலேயே கிடைத்தது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அப்புறம், பாராசூட்டைப் பற்றியும், படங்களை வைத்து இறங்கிய இடத்தைத் தேடிய கதையையும் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய பாராசூட்டிலேயே தொங்கினால் பாட்டரி தாங்காது என்பதால் 15 நிமிடத்தில் சிறியதற்கு மாறியது. மொத்தம் சுமார் இரண்டரை மணி நேர இறக்கம். தரையைத் தொட்டபோது வேகம் சைக்கிளில் போவது போல, விநாடிக்கு 5 மீட்டருக்கும் குறைவு. இடம், டைட்டனின் நடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 10 பாகை. அங்கே உட்கார்ந்தபடி அது மேலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டே இருந்தது.

நன்றி, வணக்கம்.