சைனீஸ் ஓடியோ பாடம் எவ்வளவு கேட்டும் பேச்சுல பிழைக்குதா? பாடம் சொல்லாம விடுற ஒரு காத்து இருக்கு!

(ஒலி: "யாவ்4 ச்ஹா2 மா?" ஒரு நொடி இடைவெளி. "யாவ்4 சா2 மா?")

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் உறவுகளே!

அறுகம்பேயில கெஸ்ட் ஹவுஸ் நடத்துற ஒராள், சீனாவுல இருந்து வந்த விருந்தாளியிட்ட "தேத்தண்ணி வேணுமா?" எண்டு மாண்டரின்ல கேக்குறார் எண்டு வைங்க. வந்தவர்ர காதுல விழுறது, "பொரிக்கணுமா?" தொனி சரி, சொல் ஒழுங்கு சரி. வாயில இருந்து வர வேண்டிய ஒரு சின்னக் காத்து வரல்ல, அவ்வளவுதான். இப்ப போட்ட ரெண்டு ஒலியிலயும் உள்ள வித்தியாசம் அதுதான். கேட்டுக் கண்டுபிடிச்சவங்க கீழ கமெண்ட்ல போடுங்க.

பின்னணியைக் கெதியாச் சொல்லிடுறன். மாண்டரின் எண்டா பெய்ஜிங் உச்சரிப்பை அடிப்படையா வச்ச பொதுச் சீனம். நாலு தொனி, அதோட தொனியில்லாத மெல்லிய அசையும் இருக்கு. கல்முனைக் கடைகளுக்குச் சாமான் இறக்குறவங்க, பாசிக்குடா ஹோட்டல்கள்ல வேலை செய்யிறவங்க, சீனாவுக்குப் படிக்கப் போற பிள்ளைகள், எல்லாருக்கும் இது உதவும். களனிப் பல்கலைக்கழகத்துல சீன மொழி சொல்லித் தாற கன்பூசியஸ் நிலையம் இருக்குத்தான். ஆனா கிழமைக்குக் கிழமை மட்டக்களப்புல இருந்து பஸ் ஏறி அங்க போக ஏலாது. நமக்குப் போனும் ஹெட்செட்டும்தான் வகுப்பு.

நான் எழுதுற முறையையும் பாத்துக்கங்க. இலக்கம்தான் தொனி: 1 உயரத்துல நேரா நிக்கும், 2 ஏறும், 3 அடியில கிடக்கும், 4 மேல இருந்து வெட்டி விழும். மெய்யெழுத்தை ஒட்டி "ஹ" வந்தா அந்த இடத்துல காத்து.

இப்ப விஷயத்துக்கு வாறன். இணையத்துல கிடைக்கிற ஓடியோ பாடங்கள்ல பெரும்பாலானது இங்கிலீஷ் தாய்மொழிக்காரருக்குச் செஞ்சது. அவங்களுக்கு எது கஷ்டமோ அதைத்தான் ஆசிரியர் பத்துத் தரம் சொல்லித் தருவார். அவங்களுக்குச் சும்மா வாறதை ஒரு வார்த்தையும் சொல்லாமத் தாண்டிப் போயிருவார். நம்ம வாய் வேற. அவர் தாண்டிப் போற இடத்துலதான் நாம விழுறம்.

"பீ (p) எழுத்தை பென் எண்டு சொல்ற மாதிரிச் சொல்லுங்க" எண்டு பாடம் சொல்லும். லண்டன்காரர் "பென்" எண்டு சொல்லக்குள்ள உதட்டுல இருந்து காத்து வெடிச்சு வரும். நாம சொல்ற "பென்"ல அது இல்ல, "பெட்டி"யில வாற அதே பதான். அந்தக் காத்தில்லாத ப மாண்டரின்ல வேற எழுத்து! பின்யின்ல, அதாவது சீனத்தை இங்கிலீஷ் எழுத்துல எழுதுற முறையில, "பி" (b) எழுத்தால எழுதுறது அதைத்தான். இங்கிலீஷ்காரர் அதுக்குத் தலைகீழா நிக்கணும், நமக்கு அது பாலும் பழமும் சொல்லிப் பழகின வாய். "டி" (d) எழுத்தும் "ஜி" (g) எழுத்தும் அப்படித்தான், தண்ணியில வாற தவும் கடலுல வாற கவும் கிட்டத்தட்டப் போதும். பிறந்ததுல இருந்தே கையில இருக்கிற சொத்து இது.

கஷ்டம் மற்றப் பக்கத்துல. பின்யின்ல பீ (p), டீ (t), கே (k), சீ (c), சீஹெச் (ch), கியூ (q) எண்டு எழுதுற ஆறு மெய்யிலயும் காத்து வேணும். தமிழ்ல அப்படி ஒரு மெய்யும் இல்ல, அதனால காதும் அதைப் பிரிச்சுக் கேக்காது. காத்தில்லாமச் சொன்னா சீனர் காதுல அது வேற சொல்லா விழும். "ஓடு" ப்ஹாவ்3, காத்து இல்லாட்டி பாவ்3, "வயிறு நிறைஞ்ச". "வாய்" க்ஹோ3, இல்லாட்டி கோ3, "நாய்". "முயல்" த்ஹூ4-ட்ஸ, இல்லாட்டி தூ4-ட்ஸ, "வயிறு". பிழை எப்பவும் இந்த ஒரு பக்கமாத்தான் போகும். அதனால ஆறு மெய்யைத் திருத்தினாப் போதும்.

(காட்சி: வாய்க்கு முன்னால தொங்குற டிஷ்யூத் துண்டு)

செய்ற விதம் இது. டிஷ்யூவை ரெண்டு விரல் அகலத்துக்குக் கிழிச்சு, உதட்டுக்கு முன்னால நாலு விரல் தள்ளித் தொங்க விடுங்க. "பாவ்" சொல்லுங்க, துண்டு அசையக் கூடாது. உதட்டை மூடி "ப்", அங்கேயே ஒட்டி "ஹாவ்". துண்டு உதைச்சு எழும்பணும். அந்தக் காத்து ஏறத்தாழ நொடியில பத்துல ஒரு பங்கு நேரம் நிக்கும், அதுக்குப் பிறகுதான் குரல் தொடங்கும். சிலர் காத்து வரணும் எண்டு சத்தத்தைக் கூட்டிக் கத்துவாங்க. சத்தம் கூடினா தொனி குழம்புமே தவிர காத்து வராது. மெதுவாச் சொல்லியும் துண்டு ஆடணும், அதுதான் சரி.

இன்னொரு பொறி நம்ம கொப்பியில இருக்கு. பாடத்தைத் தமிழ் எழுத்துல மட்டும் எழுதி வைக்காதீங்க. தமிழ்ல ப ஒண்டுதான், பாவும் ப்ஹாவும் ஒரே எழுத்தாப் போயிரும். ஒரு மாதம் கழிச்சு வாசிக்கக்குள்ள காத்து எங்க எண்டு உங்களுக்கே தெரியாது. முதல் நாளே பின்யினும் தொனிக் குறியும் பழகுங்க, தமிழ் பக்கத்துல துணைக்கு இருக்கட்டும்.

சரி, சந்தோஷமான இடத்துக்கு வருவம். ழ! பாடத்துல "ஆர்" எழுத்து வரக்குள்ள இங்கிலீஷ்காரருக்கு நாக்கை மடக்குங்க, உருட்டாதீங்க எண்டு எவ்வளவு விளக்கம்! நாம ழவை ள பக்கம் சரிய விடாம, தமிழ் வாத்தியார் சொல்லித் தந்த மாதிரிச் சொன்னா, அதுக்கு மிகக் கிட்ட வந்தாச்சு. "மனிசன்" ழன்2. "ரெண்டு" அழ்4. இந்த மொழியில நம்ம ழ இருக்கிறதை நினைச்சா எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இலக்கணத்துலயும் ஒரு சலுகை இருக்கு. "நான் வாங்கின புத்தகம்" வோ3 மை3 த ஷூ1. நான், வாங்கு, இன, புத்தகம், அதே வரிசை. இங்கிலீஷ்ல புத்தகம் முன்னுக்குப் போயிரும். பாடத்துல இங்கிலீஷ் வழியா மொழிபெயர்க்காம நேராத் தமிழ்ல இருந்து பிடிங்க. வினைச்சொல் மட்டும் செயப்படுபொருளுக்கு முன்னால வரும், அதை மறக்காதீங்க.

தொனியில வியாபாரிகள் முதல்ல பிடிக்க வேண்டியது இந்தச் சோடி: மை3 "வாங்கு", மை4 "வில்". "வாங்கப் போறன்" எண்டு சொல்லப் போய் "விக்கப் போறன்" எண்டு வந்தா பேரமே திரும்பிரும். மூண்டாவது தொனி இறங்கி ஏறும் எண்டு பாடம் சொல்லும். தனிச் சொல்லுக்கு அது சரி. வசனத்துக்கு நடுவுல அது ஏறாது, அடியிலேயே கிடக்கும். ரெண்டு மூண்டாவது தொனி பக்கத்துல வந்தா முதலாவது ரெண்டாவதா மாறும். நீ3 ஹாவ்3 எண்டு எழுதினாலும் வாயில நீ2 ஹாவ்3தான். அதனால தனி அசையாப் பழகாம, சோடியாப் பழகுங்க. மொத்தம் 20 சோடி, கிழமைக்கு 5.

ஹெட்செட் விஷயம் ஒண்டு. ப்ளூடூத் ஹெட்செட்ல மைக்கும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினா, அது போன் அழைப்பு முறைக்கு மாறும். பழைய மாடல்கள்ல 4000 ஹெர்ட்ஸுக்கு மேல உள்ள ஒலி வெட்டுப்படும். ஸவின்ட கூர்மை அதுக்கு மேலதான். அது போனா "நாலு"க்குரிய சீனச் சொல்லுல வாற ஸவும் "பத்து"க்குரிய சொல்லுல வாற ஷவும் காதுல கிட்டக் கிட்ட வந்துரும். விலை பேசுற இடத்துல அது ஆபத்து. பேசிப் பதிவு செய்யக்குள்ள வயர் ஹெட்செட் போடுங்க.

கடைசியா, மறக்காம இருக்க எப்ப திருப்பிச் சொல்றது எண்டு பாப்பம். மொழி படிப்பிக்கிற முறைகளை ஆராய்ஞ்ச போல் பிம்ஸ்லர் 1967ல ஒரு இடைவெளிக் கணக்குத் தந்தார்: 5 நொடி, 25 நொடி, 2 நிமிஷம், 10 நிமிஷம், 1 மணி, 5 மணி, 1 நாள், இப்படி ஏறத்தாழ அஞ்சஞ்சு மடங்கா நீளும். அரை மணிப் பாடத்துக்குள்ள முதல் நாலும்தான் அடங்கும். மிச்சம் உங்கட கையில. காலையில பாடம் கேட்டா, ஒரு மணி நேரம் கழிச்சு ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, ஓடியோ போடாமலே அந்த வசனங்களை வாய்விட்டுச் சொல்லுங்க. பாடத்துல இடைவெளி விடக்குள்ள ஆசிரியரோட சேர்ந்து முணுமுணுக்காதீங்க. அவர் விடை சொல்ல முந்தி நீங்க சொல்லி முடிச்சிருக்கணும்.

இண்டைக்கு டிஷ்யூத் துண்டோட "ச்ஹா2" பத்துத் தரம் சொல்லி, போன்ல பதிஞ்சு, முதல்ல நான் போட்ட ஒலியோட ஒப்பிட்டுப் பாருங்க. ஆறு மெய்யில உங்களுக்கு மசியாதது எது எண்டு கமெண்ட்ல எழுதுங்க. கூடப் பேர் சொல்ற மெய்க்குத் தனி வீடியோ போடுறன். மறுகா சந்திப்பம்!