கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை

அண்ணன்மார்களே, அக்காமார்களே, பின்வரிசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் எப்போது முடிப்பேன் என்று காத்திருக்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு அறிமுக உரை ஒன்று வேண்டும் என்றுதான் ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள். அதே உரையைச் சிங்கப்பூரின் இந்தச் சமூக மன்ற அறையில் மூன்று முறை கேட்டாயிற்று. மூன்றிலும் பென்குயின் படம் வந்தது, மூன்றிலும் பாதிப் பேர் தூங்கினார்கள். அவற்றுள் ஒன்றைப் பேசியவன் நானே. ஆகவே இன்று ஒரே ஓர் எழுத்தைப் பற்றிப் பேசுகிறேன். அந்த எழுத்து 'கொ'.

சென்ற ஆண்டு ஒரு தமிழ் அமைப்பின் செயலாளர் ஐயா என்னிடம் ஒரு தம்ப்டிரைவைக் கொடுத்தார். அமைப்பின் ஆண்டு மலர்க் கட்டுரைகள் அத்தனையும் அதில் இருந்தன. யார் யாரோ, எந்தெந்தக் கணினியிலோ தட்டச்சு செய்தவை. "ஒரு சொல்லைக் கொடுத்தால் அது எந்த மலரில் வருகிறது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் தம்பி" என்றார். 'அவ்வளவுதான்' என்று தொடங்கும் வேலைகள் எங்கே போய் முடியும் என்பது உங்களுக்குத் தெரியும்.

என்னிடம் பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் வகை இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்து, கிரெப் கட்டளையால் 'கொடி' என்று தேடினேன். சில கட்டுரைகள் வந்தன. நான் எதிர்பார்த்த ஒரு கட்டுரை மட்டும் வரவில்லை. திறந்து பார்த்தால் முதல் பத்தியிலேயே 'கொடியேற்றத்துக்குப் பிறகு சிற்றுண்டி வழங்கப்பட்டது' என்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை. எழுத்துருவை மாற்றினேன், கோப்பை வேறு பெயரில் சேமித்தேன், கணினியை அணைத்துப் போட்டேன். மதியம் தேக்காவில் சாப்பாடு, திரும்பி வந்தும் அதே கதை.

மாலையில்தான் புத்தி வந்தது. இரண்டு கோப்புகளிலிருந்தும் அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டியெடுத்து, உள்ளே எத்தனை பைட்டுகள், அதாவது கணினி சேமிக்கும் சிறு அலகுகள், இருக்கின்றன என்று எண்ணினேன். ஒரு 'கொடி' 12 பைட், மற்றொரு 'கொடி' 15 பைட். திரையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்!

காரணம் இதுதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் பொதுத் தரம் யுனிகோடு. அதில் ஒகரத்தின் துணைக்குறியை இரண்டு வகையாக எழுதலாம். 'ொ' என்று ஒரே குறியாக வைக்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகளை அடுத்தடுத்து வைக்கலாம். ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், அதனால்தான் அந்த வேறுபாடு. இரண்டும் ஒன்றே என்றுதான் யுனிகோடு விதி சொல்கிறது, ஆனால் கிரெப் விதி படித்ததில்லை. அது பைட்டைப் பார்க்கிறது. 'ஓ', 'ஔ' வரிசைத் துணைக்குறிகளுக்கும் இதே கதை. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கு இயல்பாக்கம் என்று பெயர். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு வரி. முழு நாள் பட்டதற்கு மருந்து ஒரு வரி.

இந்தத் தலைவலி நம் ஊருக்குப் புதிதன்று. எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம், அதாவது எழுத்தை எண்ணாக்கும் முறை, என்று தமிழ் சிதறிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. இவர் அனுப்பிய மடலை அவர் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். அதைப் பேசித் தீர்க்க 1997இல் உலகத் தமிழர்கள் கூடிய முதல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில்தான் நடந்தது. அதற்கு முன்னின்றவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுதியவர், ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தியவர், இணையத்தில் தமிழ் ஏறுவதற்காக ஓயாமல் உழைத்தவர். 1999இல் காலமாகிவிட்டார். அவர் நிரலாளராகப் பிறந்தவர் அல்லர் என்பதைப் பின்வரிசைத் தம்பிகள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சரி, ஒரு சொல்லின் பைட்டை எண்ணியதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்? 2024 மார்ச் மாதம் நடந்ததைக் கேளுங்கள். ஆந்திரஸ் பிராய்ண்ட் என்று ஒருவர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். தன் டெபியன் சோதனைக் கணினியில் எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு மென்பொருள் வழியாக உள்ளே நுழைய வழக்கமாக 0.3 நொடி ஆகும், இப்போது 0.8 நொடி ஆகிறது என்று கவனித்தார். அரை நொடி! நாம் கோப்பி ஆற்றுகிற நேரம்கூட இல்லை. அவர் விடவில்லை. தோண்டிக்கொண்டே போனார். எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளுக்குள் யாரோ ஒரு கள்ளச் சாவியை ஒளித்து வைத்திருந்தார்கள். ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல பிள்ளையாகத் திருத்தங்கள் அனுப்பி, தனியாளாகப் பராமரித்துக் களைத்துப்போயிருந்தவரின் நம்பிக்கையைப் பெற்று, உள்ளே வந்த ஆள். டான் என்ற குடும்பப் பெயர் நம் புளோக்கில் மாடிக்கு ஒன்று உண்டு. அனுப்பிய திருத்தங்களில் பெரும்பாலானவற்றின் நேர முத்திரையும் நம் நேரம்தான். வேண்டுமென்றே போட்ட வேடம் என்று பலர் கருதுகிறார்கள். ஆள் யார் என்று இன்றுவரை வெளிவரவில்லை. பெரும்பாலான சர்வர்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேரும் முன்பே பிடிபட்டது.

யாரும் படிக்கும்படி மூல நிரல் திறந்து கிடந்ததால் திருடனும் வந்தான் என்று சிலர் வாதிடுகிறார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பூட்டிய மென்பொருளாக இருந்திருந்தால் பிராய்ண்ட் என்ன செய்திருப்பார்? 'மெதுவாக இருக்கிறது' என்று வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிவிட்டுக் காத்திருந்திருப்பார்.

நம்மிடம் அந்தக் காத்திருக்கும் பழக்கம் அதிகம். தமிழ் சரியாகத் தெரியவில்லை என்றால் வாட்சப் குழுவில் அரை மணி நேரம் அங்கலாய்க்கிறோம். நானும்தான். என் முதல் பிழை அறிக்கையில் 'தமிழ் வேலை செய்யவில்லை, உடனே கவனிக்கவும்' என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: எந்தப் பதிப்பு, எதைத் தட்டினீர்கள், என்ன வர வேண்டும், என்ன வந்தது? நான்கு கேள்வி. மருத்துவரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதுபோல் இருந்தது. இரண்டாம் முறை எழுதியபோது சரியான எழுத்தையும் தவறான எழுத்தையும் படமாக இணைத்தேன். பத்து நாளில் திருத்தம் வந்தது. திருத்தியவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நிரல் எழுத அவருக்குத் தெரியும், எது சரியான 'கொ' என்று சொல்ல நமக்குத்தான் தெரியும்.

செயலாளர் ஐயாவின் வேலை இன்னும் முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தட்டச்சு செய்தவர்களில் பலர் 'ஔவையார்' என்பதற்கு 'ஒ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டிருக்கிறார்கள். 'ஒளவையார்'. இதற்கு இயல்பாக்கம் உதவாது, ஏனென்றால் அந்த 'ள' உண்மையிலேயே 'ள'. கண்ணை மூடிக்கொண்டு 'ஒள' எல்லாவற்றையும் மாற்றினால் 'ஒளி' எல்லாம் 'ஔி' என்று கெட்டுப்போகும். 'ஒளவை'யை மட்டும் மாற்றலாமே என்று ஒரு அக்கா இப்போதே தலையாட்டுகிறார். மாற்றினேன், அக்கா. 'ஒளடதம்' மாறாமல் நின்றது, 'ஒளரங்கசீப்' மாறாமல் நின்றது. அந்தத் தம்ப்டிரைவ் இதோ மேசைமேல் இருக்கிறது. தே தாரிக் வந்துவிட்டது என்கிறார்கள். குடித்துவிட்டு யாராவது இரண்டு பேர் மடிக்கணினியோடு இந்தப் பக்கம் வாருங்கள்.